எரியாத எரிபொருள்: ஹைட்ரசினுக்கு நாம் எழுதும் பொருள் விளக்கம்



அறிவியல் தொடர்பான கருத்தறிதல் பகுதிகள் சிலவற்றை அண்மையில் ஒன்றாக எடுத்து வைத்துப் படித்தேன். விண்வெளி பற்றிய பகுதி என்றால் அநேகமாக இந்த மாதிரி வாக்கியம் ஒன்று வந்துவிடுகிறது: ‘ஹைட்ரசின் என்பது ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் நிறமற்ற வேதிப்பொருள் ஆகும்.’ அடியில் அருஞ்சொற்பொருள்: ‘ஹைட்ரசின் – ஒரு வகை எரிபொருள்.’ அதற்கும் கீழே வினா: ‘ஹைட்ரசின் எதற்குப் பயன்படுகிறது?’ விடை மேலே இருக்கும் வாக்கியத்தின் பாதி. மாணவர் அதைப் பார்த்து எழுதுவார், இரண்டு மதிப்பெண் வாங்குவார், அத்தோடு ஹைட்ரசினை மறந்துவிடுவார்.

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஹைட்ரசினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரவ ஹைட்ரஜனைப் போட்டுப் பாருங்கள், வாக்கியம் அப்படியே நிற்கும். ஒரு பொருளை அதன் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாத விளக்கத்தை எப்படிப் பொருள் விளக்கம் என்பது? ‘காகம் – ஒரு பறவை’ என்று எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சின்ன விஷயம்தானே, நாம் என்ன வேதியியலா நடத்துகிறோம் என்று கேட்கலாம். நானும் வேதியியல் ஆசிரியர் இல்லை. ஆனால் உயர்நிலை மூன்றில் ஒரு மாணவி என்னிடம் சொன்னது இது: “டீச்சர், கெமிஸ்ட்ரியை இங்லீஷ்ல படிச்சா ஏன் அப்படி நடக்குதுன்னு புரியுது. தமிழ்ல படிச்சா நோட்ஸ் மாதிரி இருக்கு.” நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். தமிழில் அவர்கள் கண்ணில் படும் அறிவியல் உரைநடை பெரும்பாலும் நாம் கொடுக்கும் இந்தக் கருத்தறிதல் பகுதிகள்தான். அதில் ‘ஏன்’ என்பதே இல்லாவிட்டால், தமிழில் ‘ஏன்’ எழுத வராது என்ற முடிவுக்கு அவர்கள் வருவதில் ஆச்சரியம் என்ன?

அதனால் இந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டு, அதன் பொருளும் பயனும் எப்படி எழுதப்படுகின்றன, எப்படி எழுதியிருக்கலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் பெயர். ஹைட்ரசினின் ஒரு மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. பெயரின் முன்பாதி ஹைட்ரஜனிலிருந்து வந்தது. பின்பாதி நைட்ரஜனுக்குப் பிரெஞ்சு வேதியியலாளர்கள் வைத்த ‘அசோட்’ என்ற பெயரிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் ‘உயிர் இல்லாதது’ என்று பொருள். நைட்ரஜன் மட்டும் நிறைந்த குடுவைக்குள் உயிர்கள் பிழைக்காததால் வந்த பெயர். 1875இல் எமில் ஃபிஷர் இந்தக் குடும்பத்துச் சேர்மங்களுக்கு ‘ஹைட்ரசின்’ என்று பெயரிட்டார். ஹைட்ரசினையே தயாரித்துக் காட்டியவர் தியோடோர் குர்டியஸ், 1887இல். அப்போது ராக்கெட் எதுவும் அதற்காகக் காத்திருக்கவில்லை. இலங்கைப் பாடநூல் மரபில் இதே சொல் கிரந்தம் நீங்கி ‘ஐதரசீன்’ ஆகும். எந்த வடிவத்தை எழுதினாலும் சரி, ஒரே பகுதிக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே உறுத்தும் சொல்: ‘எரிபொருள்’.

எரியும் பொருள் எரிபொருள். விறகு, மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் அப்படித்தான். இவை எரியக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வேண்டும். நல்ல மாணவர் உடனே கேட்பார்: “மேலதான் காத்தே இல்லையே டீச்சர், அப்புறம் எப்படி எரியும்?” நான் பார்த்த பகுதிகளில் ஒன்றில்கூட இதற்கு விடை இல்லை. விடை எளிமையானது. ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனையும் ஏதோ ஒரு வடிவில் தானே சுமந்துகொண்டு போகிறது. அப்படிச் சுமக்கப்படும் பொருள் ஆக்சிஜனேற்றி. எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் சேர்ந்தது உந்துபொருள். இந்த மூன்று சொற்களும் தமிழில் இருக்கின்றன, கடினமானவையும் இல்லை. இருந்தும் நம் பகுதிகளில் மூன்றுக்கும் ஒரே சொல்லாக ‘எரிபொருள்’ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹைட்ரசின் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் மோசமாகிறது. காரணம், அது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒரு விதத்தில் அது அசல் எரிபொருள்தான். ஹைட்ரசின் குடும்பத்துத் திரவமும் நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்ட கணமே தீப்பற்றும். தீக்குச்சி, பொறி எதுவும் வேண்டாம். அப்போலோ பயணங்களில் நிலவில் இறங்கிய கலத்தின் எஞ்சின்களில் இந்த ஜோடிதான் இருந்தது. நிலவிலிருந்து கிளம்ப வேண்டிய எஞ்சின் பற்றாமல் போனால் அந்த இருவரையும் காப்பாற்ற வேறு வழியே இல்லை. வால்வு திறந்தால் பற்றியே தீரும் என்ற பொருளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்த இடத்தில் புரிந்துவிடுகிறது.

இரண்டாவது விதத்தில் ஹைட்ரசின் எரிவதே இல்லை. இரிடியம் பூசிய சிறு மணிகள் நிறைந்த அறைக்குள் அதைப் பாய்ச்சினால் போதும். அது தானாகவே சிதைந்து அம்மோனியா, நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களாக மாறும். வெப்பம் ஆயிரம் பாகை செல்சியஸை ஒட்டிப் போகும். அந்தச் சூடான வாயு வெளியே பீய்ச்சியடிக்கும்போது கலம் எதிர்த்திசையில் நகரும். இதில் ஆக்சிஜனும் இல்லை, தீயும் இல்லை. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள் இரண்டும் தம் ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைத்திருப்பது இப்படித்தான். வாயேஜர் 1இல் 1980க்குப் பிறகு தொடாமலே கிடந்த உந்திகளை 2017 நவம்பரில் இயக்கிப் பார்த்தார்கள். 37 ஆண்டு கழித்தும் அவை வேலை செய்தன. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘எரிபொருள்’ என்ற ஒரே சொல்லை எழுதினால், சொல்லின் பகுதியே பொருளை மறுக்கிறது. எரியாத எரிபொருள்! இலக்கணம் நடத்தும் நமக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா?

என் பரிந்துரை, பொதுவாகச் சொல்லும்போது ‘உந்துபொருள்’, எரியும் இடத்தில் மட்டும் ‘எரிபொருள்’. கலைச்சொல் தூய்மைக்காக நான் இதைச் சொல்லவில்லை. இந்த வேறுபாடு இல்லாவிட்டால் மாணவருக்கு நிகழ்வே புரியாது.

இப்போது ஒரு புத்தகம். ஜான் டி. கிளார்க் எழுதிய ‘இக்னிஷன்!’, 1972இல் வெளிவந்து 2018இல் மறுபதிப்புக் கண்டது. கிளார்க் வேதியியலாளர். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1949 முதல் இருபது ஆண்டுக்கு மேல் திரவ உந்துபொருள் ஆய்வில் இருந்தவர். இளமையில் அறிவியல் புனைகதையும் எழுதியவர். முன்னுரை ஐசக் அசிமோவ். தமிழாசிரியர் வளப்பக்கத்தில் இந்த ஆங்கிலப் புத்தகத்துக்கு என்ன வேலை என்றால், ஹைட்ரசினுக்கு ஒரு வரியில் நாம் தராத பொருளை அது ஒரு கதையாகத் தருகிறது.

அந்தக் கதையின் மையம் ஓர் எண்: 2. ஹைட்ரசின் சுமார் 2 பாகை செல்சியஸில் உறைந்துவிடும். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி ஏறக்குறைய 4 பாகையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் ஹைட்ரசின் கட்டி. சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு இது ஒரு பிரச்சினையாகவே தோன்றாது. ஆனால் பனிப்போர்க் கால அமெரிக்க ராணுவம் கேட்டது சைபர் பாகைக்குக் கீழே 54 பாகையிலும் உறையாத திரவம். எந்தத் துருவப் பனியிலும், எந்த நள்ளிரவிலும் ஏவுகணை தயாராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. ஹைட்ரசினின் மற்ற குணங்கள் எல்லாம் அவர்களுக்குப் பிடித்திருந்தன. இந்த ஒரு குணம்தான் இடித்தது.

அதனால் தேடல் தொடங்கியது. தண்ணீர் கலந்தார்கள், மெத்தனால் கலந்தார்கள், அம்மோனியா கலந்தார்கள். உறைநிலை இறங்கினால் ஆற்றலும் கூடவே இறங்கியது. ஹைட்ரசின் நைட்ரேட்டைச் சேர்த்தால் உறைநிலை இறங்கியது, ஆனால் கலவையே வெடிக்கும் ஆபத்து வந்தது. இன்னொரு பக்கம், தானே பற்றும் வேறு திரவங்களைத் தேடிக் கந்தகச் சேர்மங்களோடு மல்லுக்கட்டியவர்கள் உடம்பெல்லாம் நாறிக்கொண்டு திரிந்ததையும் கிளார்க் எழுதுகிறார். கடைசியில் ஹைட்ரசினில் எதையாவது கலப்பதை விட்டு ஹைட்ரசினையே மாற்றினார்கள். அதன் ஹைட்ரஜன் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே மீதைல் தொகுதி ஒன்றைப் பொருத்தினால் எம்எம்எச், இரண்டைப் பொருத்தினால் யுடிஎம்எச். இவை உறைவது முறையே சைபருக்குக் கீழே 52, 57 பாகை அளவில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரண்டு மீதைல்களையும் ஒரே நைட்ரஜனில் மாட்டினால் 57. ஆளுக்கொன்றாக இரண்டு நைட்ரஜனிலும் மாட்டினால் கிட்டத்தட்ட 9 பாகைக் குளிரிலேயே உறைந்துவிடும். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, இடம் மட்டும் வேறு. ‘கண்ணன் மட்டும் வந்தான்’, ‘கண்ணன் வந்தான் மட்டும்’ என்று சொல்லை நகர்த்திக் காட்டி விளக்குகிறோமே, அந்த வகுப்பிலேயே இதையும் சொல்லலாம்.

பிறகு நடந்ததும் சுவையானது. சூடேற்றிய நிலவறைகளில் ஏவுகணைகளை வைக்கத் தொடங்கியதும் அந்த 54 பாகை நிபந்தனை அவ்வளவு முக்கியமில்லாமல் போனது. ஹைட்ரசினையும் யுடிஎம்எச்சையும் எடையில் பாதிக்குப் பாதி கலந்த ஏரோசின் 50 வந்தது. டைட்டன் 2 ஏவுகணைக்காக வந்த அந்தக் கலவைதான் நிலவுக்கும் போனது. ‘ஹைட்ரசின் என்றால் என்ன’ என்ற கேள்விக்கு இதைவிட நிறைவான விடை எனக்குத் தெரியவில்லை. அது எதற்குப் பயன்படுகிறது என்பதோடு, எங்கே பயன்படாமல் போனது, அதை யார் எப்படி வளைத்தார்கள் என்பதும் சேர்ந்ததுதானே அதன் பொருள்?

ஆனால் இந்தப் புத்தகத்தை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வேதியியல் தெரியாதவருக்குப் பாதிக்கு மேல் கரடுமுரடு. நானே பல பக்கங்களைத் தாண்டித்தான் போனேன். திட உந்துபொருள் அதன் வட்டத்துக்குள் வரவில்லை. சோவியத் பக்கக் கதை வெளியிலிருந்து பார்த்தவர் சொன்ன அளவுதான். 1960 அக்டோபர் 24 அன்று பைகனூரில் யுடிஎம்எச் நிரப்பிய ஏவுகணை ஏவுதளத்திலேயே வெடித்துப் பலர் கருகி இறந்தார்கள். சோவியத் அரசு அதை 1989 வரை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை. 1972ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அதன் முழு விவரத்தை நாம் எதிர்பார்க்க முடியாது.

என் பெரிய குறை அதன் சிரிப்பு. கிளார்க் ஆபத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் நகைச்சுவையாக எழுதுகிறார். தன் உயிரைத் தானே பணயம் வைத்தவர் சிரிக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் ஹைட்ரசின் குடும்பம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும் நஞ்சு, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று கருதப்படுவது. 2013 ஜூலையில் பைகனூரில் புரோட்டான் ராக்கெட் ஒன்று கிளம்பிய சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்தது டன் கணக்கில் யுடிஎம்எச். அந்தப் பகுதியில் வாழும் கசக்ஸ்தான் மக்கள் எந்தப் பணயமும் வைக்கவில்லை. அவர்கள் கிளார்க்கின் கதையில் இல்லை. நம் கருத்தறிதல் பகுதிகளிலும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ‘பயன்கள்’ என்று தலைப்புப் போட்டுவிட்டால் நஞ்சுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது.

அந்தப் ‘பயன்கள்’ பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில பயிற்சித்தாள்களில் வரிசையாக இருக்கும்: ராக்கெட், கொதிகலன், நுரைப்பொருள், மருந்து. மனப்பாடம் செய்ய வசதி. ஆனால் இவற்றில் முதல் மூன்றையும் ஒரே நூலில் கோக்க முடியும். ஹைட்ரசினில் இரண்டு நைட்ரஜன்களையும் பிடித்திருப்பது பலவீனமான ஒற்றைப் பிணைப்பு. நைட்ரஜன் வாயுவிலோ அதே இரண்டும் மிக உறுதியான முப்பிணைப்பில் இருக்கும். அதனால் ஹைட்ரசினுக்கு எப்போதும் நைட்ரஜன் வாயுவாக மாறிவிடும் நாட்டம். கொதிகலன் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். ஹைட்ரசின் அதைப் பிடித்துத் தண்ணீராக்கிவிட்டுத் தானும் நைட்ரஜனாகப் போய்விடும். செருப்பு அடிப்பாகம் போன்ற நுரைப்பொருள்களை உப்ப வைக்க, ஹைட்ரசினிலிருந்து தயாரிக்கும் ஒரு தூளைப் பயன்படுத்துகிறார்கள். சூடானால் அது நைட்ரஜனை வெளிவிட்டுக் குமிழ்களை உண்டாக்கும். உலகில் தயாராகும் ஹைட்ரசினில் பெரும்பகுதி இந்த மாதிரிச் சாதாரண வேலைகளுக்குத்தான் போகிறது. ராக்கெட்டுக்குப் போவது கொஞ்சம்தான்.

மருந்து மட்டும் தனிக்கதை. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனயாசிட் ஹைட்ரசினைக் கொண்டு தயாரிக்கப்படுவது. 1952இல் அது காசநோய்க்கு எதிராக வேலை செய்வது தெரியவந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு மருத்துவமனையிலும் இந்த மருந்தை இன்னொன்றோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. நெரிசலான ஏழை வீட்டிலும் நோய் குணமாகும் என்று 1959இல் அது காட்டிய பிறகு, ‘சானடோரியத்துக்குப் போனால்தான் பிழைப்பு’ என்ற நிலை உலகெங்கும் மாறத் தொடங்கியது. ‘உயிர் இல்லாதது’ என்ற சொல்லைப் பெயரில் சுமக்கும் சேர்மத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

மாணவருக்கு எட்டாத தூரத்து விஷயமோ இது என்றால், அதுவும் இல்லை. சிங்கப்பூரின் டெலியோஸ் 1 உள்ளிட்ட ஆறு துணைக்கோளங்கள் 2015 டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் சென்றன. அதன் இரண்டாம் கட்டத்தில் எரிந்தது யுடிஎம்எச் சார்ந்த எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும்தான்.

வகுப்பில் பயன்படுத்த, உயர்நிலை இரண்டு, மூன்று அளவில் ஒரு சிறு பகுதியை எழுதிப் பார்த்திருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள்.

‘ஹைட்ரசின் பார்ப்பதற்குத் தண்ணீர் போல இருக்கும், அம்மோனியா போல நெடியடிக்கும். விண்கலங்களுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம், சரியான உலோகத்தைத் தொட்டாலே அது தீயில்லாமல் சூடான வாயுவாகச் சிதைந்துவிடும். ஒரே ஒரு தொட்டியும் ஒரே ஒரு வால்வும் இருந்தால் போதும். ஆனால் அது 2 பாகையிலேயே உறைந்துவிடும். எனவே விண்கலத்தில் அதன் தொட்டியையும் குழாய்களையும் சூடாக வைத்திருக்க மின்சாரம் செலவிட வேண்டியிருக்கிறது. அதை நிரப்புபவர்கள் உடல் முழுவதும் மூடிய கவச உடை அணிகிறார்கள். இவ்வளவு தொல்லை இருந்தும் அதை விட்டுவிட முடியவில்லை. ஆபத்துக் குறைந்த மாற்றுப் பொருள்களைச் சில துணைக்கோளங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.’

இதற்கு நான் வைத்த வினாக்கள் மூன்று. ஹைட்ரசினை ‘எரிபொருள்’ என்று அழைப்பது இப்பகுதியில் பொருந்துமா? காரணம் கூறுக. ‘பிடித்துப்போனதற்கு’ என்ற சொல்லை ஆசிரியர் இங்கே எந்தப் பொருளில் கையாள்கிறார்? அந்தக் கவச உடையை அணிபவர் நீங்கள் என்றால், இப்பகுதியில் எந்த வாக்கியத்தைச் சேர்ப்பீர்கள்? முதல் வினாவுக்கு ‘பொருந்தும்’, ‘பொருந்தாது’ இரண்டில் எதை எழுதினாலும் காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது வினாவை எழுத்தில் வாங்குவதைவிட வாய்மொழிப் பயிற்சியில் கேட்டால் பிள்ளைகள் கூடுதலாகப் பேசுகிறார்கள்.